பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும்

சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, அதைத் தாமே ஓட்டி, அதன் வைத்தியச் செலவையும் தாமே ஏற்கும் மத்தியதர வர்க்கத்துப் பிரஜைகளை, அவர்களுடைய ஜாதி, மதம், அரசியல் கட்சி முதலிய சகல பேதங்களையும் கடந்து, இரண்டே பிரிவாகப் பிரித்துவிடலாம். வண்டியில் லேசாக ஒரு சப்தம் எழுந்தாலும் அதைத் தமக்கு விற்ற கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்கே நேராக ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பிரிவு. "கம்பெனியிலே விட்டால் தோலை உரித்துவிடுவார்கள், ஐயா, நம்ம ஷெட்டுக்கு வாருங்கள்" என்று கண்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் மற்றொரு பிரிவு. கல்யாணப் பந்தியில் இந்த இரு பிரிவினரையும் அடுத்தடுத்த இலைகளில் உட்கார வைத்துவிட்டால், பாயசம் வருவதற்குள் கட்டாயம் ஒரு தர்க்கம் மூளும்; ரசம் ஆறிப்போனதைக்கூட இருவரும் கவனிக்கமாட்டார்கள்.

வைஷ்ணவ சம்பிரதாயத்தில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு தத்துவ வித்தியாசத்தைப் பெரியவர்கள் இரண்டு குட்டிகளை முன்வைத்து விளக்குவது வழக்கம். குரங்குக்குட்டி தன் தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் தாய் பொறுப்பில்லை. பூனைக்குட்டிக்கு அந்தச் சிரமம் இல்லை. தாயே அதைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்று கேட்கும் பாத்தியதை மாத்திரம் குட்டிக்குக் கிடையாது. முன்னதை மர்க்கட நியாயம் என்றும் பின்னதை மார்ஜார நியாயம் என்றும் சொல்வார்கள். ஜீவாத்மா பரமாத்மாவை அடையும் மார்க்கத்தைக் குறித்து எழுந்த இந்த விசாரம், நம் காலத்தில் கார் ரிப்பேருக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். கம்பெனிக்குப் போகிறவன் பூனைக்குட்டி. ஷெட்டுக்குப் போகிறவன் குரங்குக்குட்டி. இரண்டில் எங்கே கெட்டிக்கார மெக்கானிக் இருக்கிறார் என்று ஆயுள் முழுவதும் வாதாடுகிறவர்கள், தாங்கள் எந்தக் குட்டியாக இருக்கத் தகுந்தவர்கள் என்பதை ஒரு கணமேனும் யோசித்திருந்தால், கல்யாணங்களில் எவ்வளவோ ரசம் ஆறாமல் இருந்திருக்கும்.

நம் தகப்பனார் காலத்தில் இந்தத் தர்மசங்கடம் கிடையாது. சென்னை மௌண்ட் ரோட்டில் 1840-இல் குதிரை வண்டி கட்டும் ஸ்தாபனமாக ஆரம்பித்த சிம்ப்ஸன் கம்பெனியார், 1903-இல் நீராவியால் ஓடும் காரொன்றையே கட்டி ஊராரை வியக்க வைத்தார்கள் என்பது பழைய கதை. அதற்குப் பின் வெகுகாலம் வரையில் கார் என்பது ஜமீன்தார்களுக்கும் துரைமார்களுக்கும் உரிய வஸ்துவாக இருந்தது. அதன் பழுது அவர்களுடைய டிரைவர்களின் கவலையாக இருந்தது. பிறகு வந்த யுகத்தில், உத்தரபாராவில் தயாரான அம்பாஸடரும், பம்பாயில் தயாரான பியட்டும், 1961 முதல் நம் வண்டலூருக்குப் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுமாக மூன்றே ஜாதிக் கார்கள் வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவற்றை ரிப்பேர் செய்யத் தெரியாதவன் ஆண்பிள்ளையே அல்லன் என்று கருதப்பட்டான். பிளாட்டினம் பாயிண்டை உப்புக் காகிதத்தால் தேய்ப்பது, கார்ப்புரேட்டரைக் கழற்றி ஊதுவது, பேன் பெல்ட் அறுந்தால் கிடைத்ததைக் கட்டி ஊர் வந்து சேர்வது ஆகிய வித்தைகள் குடும்பஸ்தர்களுக்கு அத்துபடி. நடுவழியில் வண்டி நின்று பானெட்டைத் திறந்தால், மாடு மேய்க்கும் பையன் உட்பட எதிர்ப்பட்டவர்கள் யாவரும் ஆலோசனை சொல்வார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அதில் பாதி சரியாகவும் இருக்கும்.

1983-இல் மாருதி 800 வந்ததோடு காரின் ஜாதகமே மாறியது. கம்பெனியார் ஊருக்கு ஊர் ஒர்க்‌ஷாப் திறந்தார்கள். இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுக இறுகக் கார்ப்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைச் சொட்டுக் கணக்கில் அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டரும், அதற்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தன. 2020 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட காரின் பானெட்டைத் திறந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரிவது ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி மாத்திரமே. மாடு மேய்க்கும் பையனும் ஒன்றும் சொல்வதற்கில்லாமல் போய்விடுகிறான். வண்டியைப் பற்றிய ஞானம் சொந்தக்காரனை விட்டு நீங்கியது எப்போதோ, அப்போதுதான் எவரைச் சரணடைவது என்ற பிரச்னை பிறந்தது.

முதலில் மார்ஜார மார்க்கத்தைப் பார்ப்போம். கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் வாசலிலேயே உபசாரம் தொடங்கிவிடுகிறது. காவலாளி சலாம் வைக்கிறார். சர்வீஸ் அட்வைசர் என்ற பட்டத்தைச் சட்டையில் குத்திக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர், நம் வண்டியை ஒரு முறை பிரதக்ஷிணம் வந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் நெளிசல்களையும் போட்டோ பிடித்துக்கொள்கிறார். 'இவற்றுக்கு நாங்கள் ஜவாப்தாரிகள் அல்ல' என்பது அதன் தாத்பரியம். இடது பக்கம் முன் சக்கரத்தருகே, மேடு பள்ளத்தில் மட்டும், அதுவும் காலை வேளையில், 'கட கட' என்று கேட்கும் சப்தத்தை நாம் அபிநயத்தோடும் வாயால் ஒலி எழுப்பியும் விஸ்தாரமாக வர்ணிக்கிறோம். அவர் பயபக்தியோடு கேட்டுவிட்டு, ஜாப் கார்டில் 'முன்பக்கம் சத்தம்' என்று இரண்டு வார்த்தை தட்டிக்கொள்கிறார். நமக்கும் நம் வண்டிக்குமான சம்பந்தம் அத்துடன் அறுந்துவிடுகிறது. குளிரூட்டப்பட்ட கூடத்தில் சோபாவில் அமர்த்தப்பட்டு, காபி வழங்கப்பட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெகுதூரத்தில் எவருடைய வண்டியோ மேலே தூக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவண்ணம் காத்திருக்கிறோம். அதைத் தொட்டு வேலை செய்கிற மெக்கானிக் யார், அவர் முகம் எப்படி இருக்கும் என்பதைக் கடைசி வரையில் நாம் அறிவதில்லை.

சிறிது நேரத்துக்கெல்லாம் அட்வைசர் திரும்பி வருகிறார், ஒரு பட்டியலோடு.

"சார், த்ராட்டில் பாடி கிளீனிங் பண்ணிடலாமா?"

"அது எதற்கு?"

"பிக்கப் நல்லா இருக்கும் சார்."

"இப்போதே நன்றாகத்தானே இருக்கிறது?"

"இன்னும் நல்லா இருக்கும் சார்."

இந்த வாதத்துக்கு எந்தத் தர்க்க சாஸ்திரத்திலும் மறுப்புக் கிடையாது. ஏ.சி.க்குக் கிருமி நீக்கம், எஞ்சினுக்கு உட்புறக் கழுவல், அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத பூச்சு, மேல்பாகத்துக்கு மினுமினுப்புப் பூச்சு என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, இவையெல்லாம் செய்யப்படாத வண்டியில் இத்தனை நாள் குடும்பத்தோடு பிரயாணம் செய்த நம் துணிச்சலை எண்ணி நமக்கே உடல் நடுங்குகிறது. இவற்றில் எத்தனை விற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கும் மாதா மாதம் ஓர் இலக்கு உண்டு என்பதை அறிந்தவன், அவரைக் கோபிக்க மாட்டான். 'முதல் சர்வீஸ் இலவசம்' என்று நம்பிப் போகிறவர்கள், இலவசமானது மனித உழைப்பு மட்டுமே என்பதையும், எண்ணெய்க்கும் பில்டருக்கும் தர்ம சிந்தனை கிடையாது என்பதையும் பில் போடும் மேஜையில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

என் வண்டியின் 'கட கட' சப்தத்துக்கு அங்கே கொடுத்த எஸ்டிமேட்டில், முன்பக்கத்து இரண்டு ஷாக் அப்சார்பர்களும், ஒரு லோயர் ஆர்மும், அவற்றை மாற்றும் லேபரும், லேபருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கண்டிருந்தன. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை; எந்தக் கம்பெனி வண்டி வைத்திருப்பவரும் தம்முடையதுதான் என்று தீர்மானித்துக்கொள்வார்கள் என்ற தைரியம் எனக்கு உண்டு. யோசித்துச் சொல்வதாகக் கூறி, எண்ணெய் மாற்றிய மட்டில் வண்டியை மீட்டுக்கொண்டு கிளம்பினேன். அட்வைசர் கார்க் கதவு வரையில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாளைக்குக் கம்பெனிலேர்ந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பது சொன்னாக்கூட எனக்குப் பிரச்னை ஆயிடும்."

கணக்குப் பரீக்ஷையில் எந்த உபாத்தியாயரும் எனக்கு மனமுவந்து அளித்திராத பத்துக்குப் பத்தை, மறுநாள் நான் முகம் அறியாத ஒரு பெண் குரலிடம் தாராளமாக வழங்கினேன். சப்தம் மட்டும் அப்படியே இருந்தது.

மர்க்கட மார்க்கத்தில் இப்பேர்ப்பட்ட நாஸூக்குகளுக்கு இடமில்லை. கோடம்பாக்கத்துச் சந்து ஒன்றில், பாதி தகரக் கூரையின் கீழும் பாதி வேப்பமரத்தின் கீழுமாக நடைபெறும் அந்த ஷெட்டில் சோபா கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு வேனிலிருந்து கழற்றிய பின்சீட்டு இருக்கிறது. அதன்மேல் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வாடிக்கைக்காரரா, சிநேகிதரா, கடன் கொடுத்தவரா என்று நிச்சயிப்பது அசாத்தியம். மெக்கானிக், அம்பாஸடர் காலத்தில் சிறுவனாக ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்து தொழில் கற்றவர். என் வர்ணனையைப் பாதியில் கையமர்த்தி நிறுத்திவிட்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம் சார்" என்று வண்டியில் ஏறினார். தெருமுனை வேகத்தடையில் வண்டியை வேண்டுமென்றே இறக்கி ஏற்றித் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "லிங்க் ராடு சார். வேற ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்பளித்தார். கம்பெனி எஸ்டிமேட்டை எடுத்துக் காட்டினேன். அதை அவர் ஒரு கணம் கண்ணோட்டம் விட்டு, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொள்வதற்கு அது போதுமான அளவுடையது என்று கண்டுகொண்டார்.

இந்த இடத்தில்தான் குட்டி தன் கையால் இறுகப் பற்ற வேண்டிய கட்டம் வருகிறது. "பார்ட்ஸ் நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க சார். நான் வாங்கினா கமிஷன் வெச்சேன்னு நினைப்பீங்க" என்றார் அவர். நான் அப்படி நினைக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தும், மறுநாள் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரே பாகம் மூன்று விதமாகக் கிடைக்கிறது. கம்பெனி முத்திரைப் பெட்டியில் வருவது ஒன்று. அதே பாகத்தைக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரிட்ட பெட்டியில் விற்பது ஒன்று. பெயரே இல்லாமல் பாலிதீன் உறையில் வருவது ஒன்று. புதிய பாகமே வேண்டாம் என்பவர்கள் பக்கத்திலிருக்கும் புதுப்பேட்டைக்குப் போய், பிரித்துப் போட்ட வண்டிகளின் குவியலிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். அதற்கு என்னைவிடக் கூர்மையான கண்ணும் நீண்ட நாக்கும் தேவை.

முதல் இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கண்டு திகைத்து நின்ற என்னிடம், கடைக்காரர் கருணையோடு ஓர் உண்மையை எடுத்துரைத்தார். சென்னை பாடியில் 1960-களின் தொடக்கத்திலேயே லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் பிரேக்ஸ் இந்தியாவும் வந்துவிட்டன. கார் உறுப்புகள் செய்வது அன்று முதல் இந்த ஊரின் குலத்தொழில். ஆகையால் நம் வீட்டுக்கு அரை மணி தூரத்தில் பிறந்த உறுப்பொன்று, ரயிலோ லாரியோ ஏறி வடதேசத்துக் கார்க் கம்பெனியின் கிடங்குக்குச் சென்று, அங்கே புதுப் பெட்டியும் முத்திரையும் தரித்து, மறுபடியும் சென்னைக்கே திரும்பி வருவது சாதாரண விஷயம். காசிக்குப் போய் வந்தவருக்குத் தனி மரியாதை தருகிற ஜனங்கள் நாம். அந்த உறுப்புக்கு மட்டும் தரமாட்டோம் என்று சொல்வது எப்படி? யாத்திரை போகாமல் உள்ளூரிலேயே தங்கிவிட்ட அதன் சகோதரனை வாங்கிக்கொண்டு நான் ஷெட்டுக்குத் திரும்பினேன்.

"சாயங்காலம் ரெடி சார்" என்றார் மெக்கானிக். எந்தச் சாயங்காலம் என்று கேட்காதது குட்டியின் அனுபவமின்மை. உதவிப் பையன் டீ வாங்கப் போயிருந்தான், அவன் வந்ததும் வேறொருவருடைய அவசர வண்டி வந்தது, மறுநாள் அமாவாசை. ஒரு வழியாக வேலை முடிந்தபோது, கழற்றிய பழைய லிங்க் ராடை என் கையில் கொடுத்து, அதன் முனையை ஆட்டிக் காட்டினார். தளர்ந்த பல்லாக ஆடியது. கம்பெனியார் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சப்தம் நின்றே போயிற்று.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் ஷெட் கட்சியார் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பார்கள். ஆனால் சில காலம் கழித்து டாஷ்போர்டில் எஞ்சின் உருவமுள்ள மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியது. மெக்கானிக் அதை உற்றுப் பார்த்தார். "விளக்கு எரியக் கூடாது, அவ்வளவுதானே சார்?" என்று சொல்லி, பேட்டரியின் வயரைக் கழற்றிச் சற்று நேரம் வைத்திருந்து மறுபடி மாட்டினார். விளக்கு அணைந்தது. என் ஆனந்தம் வடபழனி வரையில் நீடித்தது. அங்கே சிக்னலில் நின்றபோது அது மீண்டும் பிரசன்னமாயிற்று. கம்பெனியில் அதே இளைஞர் ஒரு கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகி, நான் ஏறி உட்கார்வதற்குள் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்தார். பிரேக் எண்ணெய் விஷயத்திலும் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். மலைப்பாதையில் விடாமல் பிரேக் பிடித்து இறங்கும் வேளையில் அது கொதித்துக் குமிழி விட்டால், காலை அழுத்தியும் வண்டி நிற்காது. ஆகையால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஷெட்டில் கேட்டால், "கலர் நல்லாத்தான் சார் இருக்கு" என்பதே பதில்.

மெக்கானிக்கை மட்டும் குறை கூறுவதும் தர்மமாகாது. காது படித்த அளவுக்கு அவர் கம்ப்யூட்டரைப் படிக்காமல் இருந்ததற்கு, அதைப் படிக்கும் கருவியும் புத்தகமும் அவருக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம். இந்த வியாஜ்யம் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் சென்று, 2014 ஆகஸ்டில் தீர்ப்பாகியது. உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்ப விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்றும், பாகம் செய்து கொடுப்பவர்கள் அதை வெளிச் சந்தையில் விற்பதற்கே தடை போட்டார்கள் என்றும் கண்டு, 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் ஆணையம் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. தங்கள் ரிப்பேருக்கு மட்டும் எஸ்டிமேட்டை அவர்களும் அப்படியே ஏற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய சர்க்கார் தனியாக ஓர் இணையதளமே திறந்தது. கோடம்பாக்கத்துச் சந்திலும் இப்போது ஒரு ஸ்கேனர் வந்திருக்கிறது. மெக்கானிக்கின் மகன் அதை இயக்குகிறான். அவர் மட்டும் அது சொல்வதைக் கேட்டபின், எதற்கும் ஒரு ரவுண்டு போய் வருகிறார்.

இத்தனை அனுபவத்தின் சாரமாக எனக்குத் தோன்றுவதை இரு கட்சியாரும் கோபிக்காமல் கேட்க வேண்டும். வாரண்டி உள்ள வரையில் கம்பெனியை விட்டு அசையக் கூடாது; அசைந்தால் நாளைக்கு எந்த வழக்கிலும் நம்மையே பிரதிவாதியாக்கிவிடுவார்கள். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸில் கைப்பணமின்றிச் சீர்செய்ய வேண்டியிருந்தாலும், கம்பெனியே தன் தயாரிப்பில் குறை கண்டு இலவசமாகப் பாகம் மாற்றித் தருவதாக அறிவித்தாலும், எரியும் விளக்கின் காரணம் புரியாவிட்டாலும் அங்கேதான் போக வேண்டும். அங்கே நடந்த ஒவ்வொரு சர்வீஸும் கம்ப்யூட்டரில் பதிவாகி இருப்பதால் வண்டியை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும். கிளட்ச், சஸ்பென்ஷன், எண்ணெய், பிரேக் பேட் ஆகிய கைவேலைகளுக்கும், வாரண்டி கழிந்து வயதேறிய வண்டிகளுக்கும் ஷெட்டே உகந்தது. ஆனால் அதற்கு, கடைக்கு அலையும் காலும், சாயங்காலத்தை நம்பாத மனமும், கேள்வி கேட்கும் வாயும் சொந்தக்காரனிடம் இருக்க வேண்டும். அவை இல்லாதவன் ஷெட்டில் நஷ்டப்படுவான். கம்பெனியில் கேள்வி கேட்கிறவனோ வீணாகத் தொண்டை வற்றிப்போவான். இரண்டு இடத்திலும் பயன்படக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கழற்றிய பழைய பாகத்தைக் கொடுங்கள்." கேட்டால் கம்பெனியாரும் பொட்டலம் கட்டி டிக்கியில் வைத்துவிடுகிறார்கள். கேட்பான் என்று தெரிந்தவனிடம், கழற்றாத பாகத்துக்குப் பில் போட எவருக்கும் மனம் வருவதில்லை.

இந்தக் கொள்கையை நான் வைராக்கியமாகக் கடைப்பிடித்து வந்ததில், எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் லிங்க் ராடும், பிரேக் பேடும், பில்டரும், பிளக்குமாக ஒரு பொருட்காட்சிச் சாலையே உருவாகிவிட்டது. விளக்குமாறு வைக்க இடமில்லை என்று வீட்டார் நோட்டீஸ் கொடுத்ததன் பேரில், காயலான் கடைக்காரரை அழைத்தேன். கம்பெனிப் பாகங்களை ஒரு பக்கமும் வெளிப் பாகங்களை ஒரு பக்கமும் தனித்தனியே அடுக்கி வைத்து, இன்னது அசல், இன்னது அதன் சகோதரன் என்று அவற்றின் வரலாற்றை அவருக்கு விளக்கினேன். பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்த அவர், இரண்டையும் ஒன்றாக வாரித் தராசில் போட்டார்.

"எல்லாம் ஒரே ரேட்டுதான் சார்" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற என் காரைச் சுற்றி, அந்தச் சர்வீஸ் அட்வைசரைக் காட்டிலும் சிரத்தையாக ஒரு பிரதக்ஷிணம் வந்தார்.

"இதுக்கு எப்ப சார் வரட்டும்?"